முகர்ந்து பார்க்கும் நாள்

தடித்த உறை என்றால் இல்லை.
அனுப்பிய கோப்பை அப்படியே திருப்பிவிடுவார்கள்,
படம், சான்றிதழ், பிறந்த திகதி எல்லாம்
சலவைக்குப் போய்வந்த சட்டைபோல் மடித்து.
பீல் நகரத்துத் தபால்காரிக்கே தெரியும்.
படிக்கட்டில் என்னைக் கண்டால்
உறையை நிறுத்துப் பார்ப்பவள்போல் பிடித்துத் தருவாள்.

மெல்லியவையும் வந்தன.
அவற்றில் இரண்டாம் பந்தியை மட்டும் படிப்பேன்.
'லைடர்' என்று தொடங்கும்.
வருத்தத்துக்குரியது என்று பொருள்.
யாருடைய வருத்தம் என்று எழுதுவதில்லை.

பதினாலு.
செஞ்சிலுவை வகுப்பில் நூற்றிருபது மணிநேரம் இருந்தேன்,
படுத்தவரைப் புரட்ட, வாய் துடைக்க,
விழுந்தவரை என் முதுகு நோகாமல் எழுப்ப.
பத்தொன்பது வருடம் உணவகத்தின் பின்கட்டில்
வெங்காயம் உரித்தவளுக்கு
நாற்பத்தாறு வயதில் ஒரு சான்றிதழ்.
சுருண்டுவிடாமல் இருக்க
அரிசி வாளியின் அடியில் வைத்தேன்.

எனக்கு முந்தி இந்த வேலைக்குப் போன சுகிர்தா சொன்னாள்:
"மின்னஞ்சல் போடாதை. ரெண்டு மணிக்கு நேர போ.
மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு, கோப்பிக்கு முன்னம்,
அப்பதான் பொறுப்பாளர் கதிரையில இருப்பினம்.
கீழ அலுவலகத்தில கேக்காதை, மாடிக்குப் பொறுப்பு ஆரெண்டு கேள்.
பிறகு, அந்த ரெண்டு வருசத்தையும் எழுது."

எந்த இரண்டு?

"அவர் படுத்திருந்த ரெண்டு."

என் குறிப்பில் அது வெள்ளையாய்க் கிடந்தது.
வேலை என்று நான் நினைத்ததே இல்லை.
அன்றிரவு ஜெர்மனில் எழுதினேன்:
வீட்டில், ஒரு நோயாளி, பகலும் இரவும்.
'இரவும்' என்பதை அழித்தேன்.
பிறகு திரும்ப எழுதினேன்.

இங்கே வேலை தருமுன் ஒரு நாள் வரச் சொல்வார்கள்.
அதற்குப் பெயர் முகர்ந்து பார்த்தல்.
நாய்க்குட்டி செய்வதற்கும் அதே வினைச்சொல்.
வெள்ளைச் சப்பாத்து கடன், இரண்டு அளவு பெரிது.
ஓர் அறைக்கு போன்ஜூர், அடுத்த அறைக்கு குரூஸெக்,
கைப்பிடியைத் திருப்புவதற்குள் நாக்கும் திரும்ப வேண்டும்.

பன்னிரண்டாம் அறை, மதாம் ரொசெல்.
மூன்று நாளாக யாரையும் தொட விடவில்லை.
ஈரத் துவாயை என் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தேன்.
கேட்டேன். காத்திருந்தேன். திரும்பக் கேட்கவில்லை.
அவள் என் விரலைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.
"வெங்காயம்."
எலுமிச்சைக்கும் உப்புக்கும் போகாத மணம்.
"எத்தனை கிலோ?"
"நாளுக்குப் பதினைந்து."
ம், என்று கையை நீட்டினாள், கழுவச் சொல்லி.

நாலு மணிக்கு, பொறுப்பாளர் ஏபிஷர்
"ஏன் எங்களிடம்?" என்று கேட்டார்.
மூன்று வசனம் மனப்பாடம்,
பேருந்து முழுக்கச் சொல்லிப் பார்த்தது.
ஒன்றும் வரவில்லை.
"பன்னிரண்டில்" என்றேன், "இடது குதி சிவந்திருக்கிறது.
அழுத்தினால் வெளுக்கவில்லை.
கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வேண்டும்,
குதி மெத்தையில் படக்கூடாது, இன்றிரவே."
வினைச்சொல்லைத் தவறான இடத்தில் வைத்தது
வாய் மூடிய பிறகுதான் தெரிந்தது.
அவர் எழுந்து போய்விட்டார்.
வெற்றுக் கதிரைக்கு எதிரே நான்.
கையுறையைக் கழற்றியபடி திரும்பி வந்தார்.
"எங்கே கற்றீர்கள்?"
வகுப்பில் என்று சொல்லியிருக்கலாம்.
வீட்டில் என்றேன்.

எட்டு நாள் கழித்து மெல்லிய உறை.
பழக்கத்தில் கண் இரண்டாம் பந்திக்கே போனது.
இருந்தது. லைடர்.
கீழ்வீட்டுக்காரரின் சைக்கிளைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்,
முன் சக்கரத்தில் காற்றில்லை.
பிறகு வசனத்தை முடிவுவரை படித்தேன்:
வருத்தத்துக்குரியது, இப்போதைக்கு எங்களால்
நாற்பது வீத வேலைதான் தர முடியும்.

மிச்ச அறுபதுக்கு வெங்காயம் இருக்கிறது.
செவ்வாயும் வியாழனும், காலை ஏழு.
சப்பாத்து சொந்தமாக வாங்க வேண்டும்.
முப்பத்தேழு.